அம்மெருட் வீட்டைப் பார்க்க வந்த பதினேழு அந்நியர்கள்

சித்தப்பா, சித்தி, கையில் இருக்கிற மீனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வாருங்கள், நாங்கள் வீடு வாங்கிவிட்டோம், வாடகை வீடு இல்லை, சொந்த வீடு, ஒஸ்லோவிலேயே, பல்கனியோடு!

பேரன்புக்குரிய ஜெகதீஸ்வரன் சித்தப்பாவுக்கும் சித்திக்கும், குரோருட்டிலிருந்து உங்கள் அண்ணன் மகள் கம்சிகா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அங்கே ஹம்மர்பெஸ்ட்டில் மே மாதத்திலும் சித்தப்பா வாசலில் பனி அள்ளுகிறார் என்று சித்தி தொலைபேசியில் சொன்னதிலிருந்து அவருடைய இடுப்புக்காக நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். மரியாதைப் பகுதி முடிந்தது. இனி என்னால் அடக்க முடியாது. இந்தத் தமிழ் விசைப்பலகையை இணையத்தில் இறக்கி நானே பழகினேன், சந்தோஷத்தில் விரல்கள் எழுத்துகளை முந்திக்கொண்டு ஓடுகின்றன, எங்காவது தடக்கினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியும், பதினொரு வருஷமாக நாங்கள் இருப்பது நிலத்துக்குக் கீழே. வீட்டுக்காரர் மேலே, நாங்கள் நிலவறையில். எங்கள் யன்னலால் பார்த்தால் மனிதர் தெரியாது, சப்பாத்துத்தான் தெரியும். அம்மா அயலவர்களைச் சப்பாத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பா. பச்சை பூட்ஸ் இன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போகிறது, வெள்ளைக் குதி கோபித்துக்கொண்டு போனவ திரும்பி வந்துவிட்டா, இப்படி. தை மாதம் வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து, தன் மகள் டென்மார்க்கிலிருந்து வந்து இங்கேதான் இருக்கப்போகிறாள், ஆகஸ்ட் முடிவுக்குள் நீங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்று மிகவும் நல்ல மாதிரியாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு நிலவறை பார்ப்போம் என்றார் அப்பா. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவ, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நான் இனிச் சப்பாத்துகளோடை சீவிக்கமாட்டன். எனக்கு நிலத்துக்கு மேலை வீடு வேணும்," என்று மட்டும் சொன்னா. அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் வீடு வாங்குகிற குடும்பமாகிவிட்டோம்.

சித்தப்பா, மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுக்காரர் மேல் பைத்தியம், பந்து அடிக்கிறவர்கள் மேல் பைத்தியம். எனக்கு வீட்டு விளம்பரங்கள் மேல் பைத்தியம். காலையில் பல் தீட்டமுன் வீடு விற்கிற இணையப் பக்கத்தைத்தான் திறப்பேன். எந்தத் தெருவில் எந்த நிறக் குசினி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த விளம்பர மொழியும் எனக்கு அத்துப்படி, "எல்லாவற்றுக்கும் அருகில்" என்றால் கட்டிலுக்குக் கீழே ரயில் ஓடுகிறது, "கவர்ச்சியானது" என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிற்க முடியாது, "கைவேலை தெரிந்தவருக்கு ஏற்றது" என்றால் கூரை ஏற்கெனவே கீழே வந்துவிட்டது. வீடு வாங்குவது பற்றிய கருத்துக்களம் ஒன்றில் எனக்கு ஐந்து நட்சத்திரம். அங்கே எல்லோரும் என்னைப் பேர்கனில் இருக்கிற ஐம்பது வயது வழக்கறிஞர் என்று நினைத்துச் சந்தேகம் கேட்கிறார்கள், நானும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பதில் அடிப்பேன்.

அப்படித் தேடி நான் கண்டுபிடித்ததுதான் பக்கத்துப் பகுதியான அம்மெருட்டில் ஒரு வீடு. கூட்டுறவு வீட்டுச் சங்கத்து அடுக்குமாடி, நாலாம் மாடி, எழுபதுகளில் பூட்டிய பச்சைக் குசினி, வெயில் படுகிற பல்கனி. பல்கனியில் நின்று பார்த்தால் கீழே போகிறவர்களின் உச்சந்தலைதான் தெரியும், ஆனால் சப்பாத்தை விடத் தலை எவ்வளவோ மேல் என்று அம்மா ஒத்துக்கொண்டா. விற்பனையைப் பார்ப்பது ஹில்டே என்கிற மெக்லர், அதாவது வீட்டு முகவர். மெக்லர் என்றாலே அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. அவ விற்கிற ஆளின் ஆள், எங்களுக்காகக் கதைக்கமாட்டா என்றார். கருத்துக்களமும் அதையேதான் சொல்கிறது, அதனால் நானும் தலையாட்டினேன், அங்கேதான் பிழை விட்டேன். ஏனென்றால் அப்பா உடனே, அப்படியென்றால் எங்களுக்கும் ஆட்கள் வேண்டும் என்று தொலைபேசியை எடுத்துவிட்டார். வயர் பார்க்க ஆஸ்பத்திரியில் மின்வேலை செய்கிறவர், தரை பார்க்கத் தரை மினுக்குகிற கொம்பனிக்காரர், பஸ் நேரம் சொல்ல பஸ் ஓட்டுகிறவர், காற்றோட்டம் பார்க்கத் தாதி இமெல்டா அக்கா, அவவின் கைக்குழந்தையும் நாலு வயது மகனும், அயல் எப்படி என்று சொல்ல அந்த அயலில் முன்பு இருந்து சண்டை பிடித்து வெளிக்கிட்டவர், இப்படிக் கூடிக் கூடிப் பதினேழு பேர்.

பதினேழு பேரும் ஒன்றாகப் போனால் நாங்கள் ஆசைப்படுகிறோம் என்று மெக்லர் கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுவா, ஆகவே எல்லோரும் தனித்தனி ஆட்களாக, ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி வரவேண்டும் என்று அப்பா திட்டம் போட்டார். அதிலும் ஒருவர் உண்மையாகவே வாங்க வந்தவர் போல நின்று சத்தமாகக் குறை சொல்லவேண்டும், கேட்டு மற்றவர்கள் மனம் மாறிப் போய்விடுவார்களாம். அந்தப் பாத்திரம் இரத்தினவேல் மாமாவுக்கு. அப்பாவோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர், வெஸ்த்லியில் சொந்த வீட்டில் இருக்கிறார், தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தில் வருஷா வருஷம் கொடுங்கோல் மன்னன் அவர்தான். மாமா ஒரு கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்தாராம், உதயகுமாரி மாமி சாப்பாடு போடும்போதும் கோப்பையைத் தட்டிப் பார்த்து "இதிலை ஈரம் இருக்கு" என்று சொல்கிற அளவுக்கு.

இதை ஒரே ஒருவர்தான் எதிர்த்தார். எங்கள் வீட்டுக்காரரின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிற சிவராமன் அண்ணா, தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, எந்தக் காகிதத்திலும் சின்ன எழுத்தில் உள்ளதைத்தான் முதலில் வாசிப்பார். திட்டத்தைக் கேட்டுவிட்டு, "சார், பதினேழு பேர் போனா அது பிளான் இல்ல சார், ஊர்வலம்," என்றார். தம்பிக்கு எங்கடை ஆட்களின் ஒற்றுமை தெரியாது என்று அப்பா சிரித்து விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விஸ்னிங், அதுதான் வீட்டைத் திறந்து வைத்து எல்லோருக்கும் காட்டுகிற நாள். சித்தப்பா, பதினேழு அந்நியர்களும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வந்து இறங்கி, ஒரே ஒழுங்கையால் வரிசையாக நடந்து போனார்கள். பாதிப்பேரின் குளிர்ச்சட்டை ஒரே மலிவு விற்பனையில் வாங்கியது, ஒரே நீலம். வாசலில் சப்பாத்துக்கு மேலே போடுகிற பிளாஸ்டிக் உறை முடிந்துவிட்டது. உள்ளே நுழைந்த உடனே இமெல்டா அக்காவின் மகன் "ரவி மாமா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிப்பிடித்தான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தை யாருடையது என்று நோர்வேஜிய மொழியில் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பிள்ளை விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டான். சொந்தத் தாயே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் கையைத் தூக்கினா.

அந்த நேரம் உண்மையாகவே வாங்க வந்த இரண்டு வெள்ளைக்காரச் சோடிகள் கதவடியில் எட்டிப் பார்த்தார்கள், கூட்டத்தைக் கண்டார்கள், மெதுவாகப் பின்வாங்கிப் போய்விட்டார்கள். அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார், திட்டம் வேலை செய்கிறதாம். ஆனால் குசினி மேசையில் ஹில்டே ஒரு தாளும் பேனாவும் வைத்திருந்தா, வீட்டை வாங்க விருப்பமுள்ளவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத. எங்கடை ஆட்கள் வாசலில் தாளும் பேனாவும் கண்டால் சும்மா போவார்களா, கலியாண வீடு என்றாலும் செத்த வீடு என்றாலும் வந்ததற்குப் பெயர் எழுதித்தானே பழக்கம், ஒழுங்காக வரிசையில் நின்று அத்தனை பேரும் எழுதினார்கள், மின்வேலைக்காரர் பெயருக்குப் பக்கத்தில் கரவெட்டி என்று சொந்த ஊரையும் போட்டுவிட்டார். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க ஹில்டேயின் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்ல.

இரத்தினவேல் மாமா கோட்டும் சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். பச்சைக் குசினிக்கு வந்ததும் இரண்டு கையையும் விரித்து, இது சமைக்கிற இடமா இல்லைப் பிணம் கழுவுகிற இடமா, எல்லாவற்றையும் உடைத்துக் கொட்டவேண்டும் என்று நோர்வேஜிய மொழியில் மண்டபத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார். எங்கடை ஆட்களில் இரண்டு பேர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். யாரும் கவனிக்காத ஒன்று, பல்கனியில் போர்வை சுற்றிக்கொண்டு ஒரு வயதான அம்மா இருந்தா. அவதான் வீட்டை விற்கிற லிவ். விஸ்னிங் நேரம் விற்கிறவர்கள் வீட்டில் நிற்பதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவது என்று சொல்லி அவ எழும்ப மறுத்துவிட்டாவாம்.

அவவைக் கண்டது அம்மா. அம்மாவுக்கு நடிப்பு வராது என்று அப்பா ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அம்மா பல்கனியை எட்டிப் பார்த்தா, லிவ் அம்மா நடுங்குவதைப் பார்த்தா, நேரே குசினிக்குள் போய்க் கேத்திலைப் போட்டா. விற்பனைக்கு வைத்திருக்கிற வீட்டில், சித்தப்பா. மூன்று அலுமாரி திறந்து சீனியைக் கண்டுபிடித்து, கேட்காமலே இரண்டு கரண்டி போட்டு, ஒரு பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றா. உதயகுமாரி மாமியும் அந்தப் பல்கனியில்தான் வெயிலில் நின்றா, அம்மாவும் அவவும் பேச்சுவார்த்தை இல்லாத அந்நியர்களாக. ஹில்டே வாயைத் திறந்தபடி நிற்க, அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டா. அப்பா முழு வழியும் ஏசிக்கொண்டு வந்தார். "ஆரெண்டாலும் ஒரு தேத்தண்ணி குடிக்கலாந்தானே," என்பதுதான் அம்மாவின் பதில்.

அடுத்த நாள் ஏலம். இங்கே அது தொலைபேசியில் நடக்கும். முதல் விலையைக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும், பிறகு மெக்லர் ஒவ்வொருவராக எடுத்து, இன்னொருவர் கூடிய விலை சொல்லியிருக்கிறார், நீங்கள் ஏறுகிறீர்களா என்று கேட்பா. யார் அந்த இன்னொருவர் என்று சொல்லமாட்டா. அன்றைக்கு எங்கடை ஆட்கள் யாரும் யாருக்கும் தொலைபேசி எடுக்கக் கூடாது, மெக்லருக்குத் தெரிந்துவிடும் என்று அப்பா கட்டளை போட்டிருந்தார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அப்பா வேலைக்கு லீவு போட்டு, குளித்து, திருநீறு பூசி, தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தார். சிவராமன் அண்ணாவும் இறங்கி வந்துவிட்டார். நாங்கள் ஒரு விலை சொன்னோம், எதிராளி ஏறினான். நாங்கள் ஏறினோம், அவனும் ஏறினான். யோசிக்க நேரம் கொடாமல் உடனே ஏறு, அப்போதுதான் எதிராளி பயப்படுவான் என்று கருத்துக்களத்தில் நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், அதன்படி ஏறினோம், அவன் பயப்படவே இல்லை. நாய் வைத்திருக்கிற பணக்கார வெள்ளைக்காரன் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார், எங்கிருந்து நாய் வந்தது என்று தெரியாது. கடைசியில் வங்கி சொன்ன எல்லை வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு படி கூட ஏற முடியாது. அப்பா ஹில்டேக்கு நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். அம்மா எழும்பிப் போய் யன்னலடியில் நின்றா. வெளியில் யாரோ ஒரு சோடிச் சப்பாத்து நடந்து போனது.

அப்போதுதான் இரத்தினவேல் மாமா கட்டளையை மீறி அப்பாவின் கைத்தொலைபேசிக்கு எடுத்தார். கழிவறைக்குள் நின்று கதைப்பவர் போல ஒரு குரல்.

"ரவி, ஏன் ஏறாமல் நிக்கிறாய்? கெதியாய் ஏறடாப்பா."

"எல்லாம் முடிஞ்சுது. வெள்ளைக்காரன் மேலை போட்டான்."

"எந்த வெள்ளைக்காரன்? மேலை நிக்கிறது நானெல்லோ."

அப்பா தொலைபேசியை ஒருக்கால் தூர வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். "நீயோ ஏறிக்கொண்டு வந்தனீ?"

"நீதானே உண்மையா வாங்கிற ஆள் மாதிரி நட எண்டனீ. உண்மையான ஆள் விலை சொல்லாமல் போவானோ? நீ விடமாட்டாய், மேலை போவாய் எண்டு நினைச்சன்."

"அப்ப மற்ற ஆள் ஆர்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். நீ, நான், அவன், மூண்டு பேரெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்."

மூன்றாவது ஆள் இல்லை சித்தப்பா. காலையிலிருந்து அப்பாவும் மாமாவும் தங்களுக்குள்ளேயே விலையை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாமாவுக்கு வீடு இருப்பதால் வங்கியும் மறு பேச்சில்லாமல் சரி சொல்லியிருக்கிறது. வாபஸ் வாங்கலாமே என்றார் அப்பா. சிவராமன் அண்ணா கையிலிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "வாங்க முடியாது சார். சொன்னா சொன்னதுதான். ஓனர் ஓகேன்னு சொல்லிட்டா அவர்தான் வாங்கியாகணும்." மாமா அந்தப் பக்கம் குசுகுசுத்த குரலில், உதயகுமாரிக்கு இதெல்லாம் தெரியாது, நான் இரண்டு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று கேட்டார். கொடுங்கோல் மன்னன் அழுததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பா அவரை ஏசுவதா தேற்றுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்தார்.

மாலையில் ஹில்டே எடுத்தா. நான்தான் கதைத்தேன். தன் வேலைக் காலத்தில் இப்படி அரிதாகத்தான் நடந்திருக்கிறது என்று தொடங்கினா. கூடிய விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று விற்கிறவருக்குச் சட்டம் இல்லை, விரும்பியவருக்குக் கொடுக்கலாம். என் குசினியில் பிணம் கழுவிய மனிதருக்குக் கடிதப் பெட்டியின் திறப்பைக் கூடக் கொடுக்கமாட்டேன், அந்தக் குசினியில் எனக்குத் தேத்தண்ணி போட்ட பெண்ணுக்குத்தான் வீடு என்று லிவ் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாவாம். சித்தப்பா, நான் கத்திய சத்தத்தில் மேலே வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அப்பா கதிரையில் ஏறி நின்றார், ஏன் என்று அவருக்கே தெரியாது. அம்மா மட்டும், சீனி கூடிப்போச்சோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னா. மாமாவுக்குச் சொன்னபோது அவர் அரை மணி நேரம் எங்களை ஆசீர்வதித்தார். தன் திட்டம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்தது என்று அப்பா இப்போது கோயிலில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டு திரிகிறார்.

ஆகவே, உங்கள் அண்ணா குடும்பம் கீழுலகத்தை விட்டு மேலே வருகிறது. அப்பாவின் அன்பும், அம்மாவின் சுகம் விசாரிப்பும், சித்தப்பாவின் இடுப்புக்கு என் தனிப்பட்ட வாழ்த்தும். சித்திக்கு ஆயிரம் முத்தம்.

உங்கள் வீட்டுக்காரப் பெறாமகள்,
கம்சிகா

பி.கு.: வீட்டுக்காரரின் இணையம் அறுந்து இதை அனுப்ப முடியாமல் போனது எவ்வளவு நல்லது. மேலே உள்ள சந்தோஷம் முழுவதையும் தயவுசெய்து ஒருக்கால் திருப்பி என்னிடம் தந்துவிடுங்கள். அம்மெருட் வீடு எங்களுடையது இல்லை. கூட்டுறவுச் சங்கத்து வீடு விற்றுப்போனால், சங்கத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருக்கிற ஒருவர் அதே விலைக்கு அது எனக்கு வேண்டும் என்று கேட்கலாம், கேட்டால் அவருக்குத்தான் உரிமை. சிவராமன் அண்ணா இதைச் சின்ன எழுத்தில் காட்டினார். அதெல்லாம் சம்பிரதாயம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஐந்து நட்சத்திரக்காரி நான் சொன்னேன். இன்று ஹில்டே எடுத்து, ஒருவர் கேட்டுவிட்டார் என்றா. பெயர் உதயகுமாரி இரத்தினவேல்.

அப்பா கோபத்தில் சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட, வாசலில் மாமியே நின்றா, கையில் ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு. பின்னால் மாமா, தலையைக் குனிந்துகொண்டு. மாமி உள்ளே வந்து சட்டியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துத்தான் கதைத்தா.

"சிவகாமி, இவர் ஒரு கிழமையா அந்த வீட்டைக் குறை சொல்லிச் சொல்லிப் பழகினவர். கேட்டுக் கேட்டு எனக்கு அதைப் பாக்கவேணும் போலை கிடந்தது. வந்து அந்தப் பல்கனி வெயிலிலை நிண்டன், எனக்கு மனம் வரேல்லைத் திரும்பிப் போக. வேலைக்குச் சேர்ந்த நாளிலை கூட வேலை செய்த பிள்ளையள் சொல்லித்தான் அந்தச் சங்கத்திலை சேர்ந்தனான். ஒருக்காலும் ஒண்டும் கேட்டதில்லை. இதைக் கேட்டுப்போட்டன்."

மாமிதான் தொடர்ந்தா. பிள்ளைகள் இரண்டும் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போய்விட்டார்கள், வெஸ்த்லியில் அத்தனை அறை தங்களுக்கு எதற்கு, அதை நீங்கள் எடுங்கள், வங்கி உங்களுக்குச் சொன்ன எல்லைக்குள் தருகிறோம், ஒரு அறை கூடுதலாக இருக்கிறது, மெக்லர் வேண்டாம், ஏலம் வேண்டாம் என்றா. சிவராமன் அண்ணாவை மேலிருந்து கூப்பிட்டோம். "அது தனிச் சொத்து சார், சங்கம் கிடையாது. நடுவுல யாரும் வர முடியாது," என்று அவர் சொல்ல, அப்பா என்னைப் பார்த்தார், நான் கருத்துக்களத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அம்மா சட்டியைத் திறந்து ருசி பார்த்து முடித்துவிட்டா.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அங்கைதானே நிக்கிறன். உந்தக் குசினியிலை உப்பு எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் எப்ப எழும்புறியள்?"

ஆகவே சித்தப்பா, வீடு வாங்கியது பொய்யில்லை, வீடுதான் வேறு. ஐந்து மாதமாக ஒஸ்லோ முழுக்கத் தேடிவிட்டு, நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற வீட்டையே வாங்கியிருக்கிறோம். அம்மெருட் வீட்டுத் திறப்பைக் கையில் வாங்க மாமி தனியாகத்தான் போகிறா, அவ யாருடைய மனைவி என்று லிவ் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, மாமா தெருமுனையில் காருக்குள் பேப்பரை விரித்துப் பிடித்தபடி இருப்பாராம். ஆடி பிறக்கமுன் வெஸ்த்லியில் பால் காய்ச்சுகிறோம். இதை உடனே பேர்கன், துரொண்ட்ஹெய்ம், கனடா எல்லாச் சொந்தக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள், எத்தனை பேர், எத்தனை சின்னப்பிள்ளைகள், யாருக்கு மரக்கறி என்று இன்றைக்கே பதில் போடுங்கள், படுக்க இடம் காணாது, வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு போர்வை கொண்டு வாருங்கள்.